லோயரிங் ஸ்பிரிங்கா காயில்ஓவரா: நம்ம காரைக்குடி பக்கத்து ரோட்டுல ஓட்டப்போறவங்களுக்கு

குட்டை ஸ்பிரிங் போட்டோ, திருகி உயரம் மாத்துற காயில்ஓவர் போட்டோ காரோட உயரத்தை இறக்கணும்னு ஆசை வந்துடுச்சுன்னா கடைக்குப் போன் போடுறதுக்கு முன்னாடி ஒரு இன்ச் டேப்பும் ஒரு நோட்டும் எடுத்துக்கங்க. உண்மையாத்தான் சொல்றேன், இந்த விஷயத்துல பணத்தைத் தொலைச்சவங்க முக்காவாசிப் பேரு அளக்காம வாங்கினவங்கதான், நானும் அதுல ஒருத்தன். என்கிட்ட இருக்கிறது 2014 போலோ ஜிடி டிஎஸ்ஐ, சேக்காளி ஒருத்தன்கிட்ட பழைய பிஎம்டபிள்யூ இசட்4 (ஈ89) இருக்கு, ரெண்டுலயும் நாங்க கை வச்சு, மாத்தி, மறுபடி கழட்டிப் பாத்ததுலேர்ந்து தெரிஞ்சதை வரிசையா எழுதுறேன். புதுசா வர்றவங்களுக்கு இது போதும்.

மொத வேலை: ரோட்டை அளங்க

கார் நிக்கிற எடம் சமதளமா இருக்கணும், நம்ம வீடுகள்ல பட்டாலைக்கு வெளிய இருக்கிற சிமெண்ட் தரை சரியா இருக்கும். வீல் நடுமையத்துலேர்ந்து மேல ஃபென்டர் (வீலுக்கு மேல இருக்கிற பாடி வளைவு) ஓரம் வரைக்கும் நாலு பக்கமும் அளந்து எழுதுங்க. தரையிலேர்ந்து ஃபென்டருக்கு அளக்காதீங்க, டயர்ல காத்து கூடக் குறைச்சல் இருந்தா அளவு மாறிடும். அப்புறம் காருக்கு அடியில எது ரொம்பக் கீழ தொங்குதுன்னு பாருங்க, சைலன்சர் பைப்பா, இன்ஜின் கார்டா, முன் பம்பருக்கு அடியில இருக்கிற லிப்பான்னு. அதுக்கும் தரைக்கும் எவ்வளவுன்னு எழுதுங்க. இதை ஆளில்லாம ஒரு தடவை, வீட்ல வழக்கமா ஏறுற ஆளுங்களை உக்கார வச்சு ஒரு தடவை அளக்கணும்.

அடுத்தது நீங்க தெனம் போற வழியில இருக்கிற ஸ்பீடுபிரேக்கர். இதுதான் நம்ம ஊர்ல எல்லாத்தையும் தீர்மானிக்குது. இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் அளவுப்படி போட்ட ஸ்பீடுபிரேக்கர் கார் போற திசையில 3.7 மீட்டர் அகலம், நடுவுல 10 சென்டிமீட்டர் உயரம், அது மேல ஓரளவு இறக்கின காரும் தட்டாம ஏறி எறங்கிடும், ஏன்னா அதோட அகலம் போலோவோட ரெண்டு வீலுக்கும் நடுவுல இருக்கிற தூரத்தை விட (2.47 மீட்டர்) அதிகம். ஆனா தெருமுனையில, பள்ளிக்கூடத்து வாசல்ல, கோவில் திருவிழாவுக்கு முன்னாடி அவசரமா கொட்டி வச்சது எல்லாம் அந்த அளவுலயா இருக்கு? எங்க தெரு முனையில இருக்கிறதை ஒரு ஞாயித்துக்கிழமை காலையில அளந்தேன், ரெண்டு பக்கமும் செங்கல் வச்சு, மேல நூல் கட்டி, நூலைப் படுக்கையா இழுத்துப் பிடிச்சு, உச்சியில எவ்வளவு மிச்சம்னு ஸ்கேல்ல பாத்துக் கழிச்சேன். 13 சென்டிமீட்டர் உயரம், அகலம் ஒரு மீட்டர் கூட இல்ல. இந்த மாதிரி ஒண்ணு முன் வீலுக்கும் பின் வீலுக்கும் நடுவுல முழுசா அடங்கிடும், அப்ப காரோட வயித்துக்கும் அதுக்கும் உள்ள இடைவெளி உங்க கிரவுண்டு கிளியரன்ஸ்லேர்ந்து 130 எம்எம் கழிச்சா வர்றதுதான். 165 எம்எம் இருக்கிற கார்னா 35 எம்எம் மிச்சம். 40 எம்எம் இறக்கிட்டீங்கன்னா கார் அது மேல உக்காந்துடும், அவ்வளவுதான் கணக்கு.

இதுல ஆள் பாரத்தையும் சேக்கணும். பின்னாடி ரெண்டு பேரு 140 கிலோன்னு வைங்க, ஒரு பக்கத்துக்கு 70 கிலோ, வீல்ல தெரியிற ஸ்பிரிங் பலம் ஒரு எம்எம்முக்கு 25 நியூட்டன்னா கார் பின்னாடி 27 எம்எம் எறங்கும். கல்யாணத்துக்குப் போறப்ப டிக்கியில சீர் சாமான் வேற இருக்கும். அதனால நோட்டுல எழுதுற "இறக்கலாம்" அளவு, ஆளோட அளந்ததுலேர்ந்து வரணும், வெறும் கார்லேர்ந்து இல்ல. வீட்டு வாசல்ல கார் ஏத்துற கல்லு சரிவு இருந்தா அதையும் விட்டுடாதீங்க, லிப்பு அடிபடுறது பெரும்பாலும் அங்கதான்.

ரெண்டாவது: இருக்கிற ஷாக் உசுரோட இருக்கான்னு பாருங்க

லோயரிங் ஸ்பிரிங் போட்டா பழைய ஷாக் அப்சார்பர் மேலதான் அது உக்காரும், அதனால ஷாக் போயிருந்தா ஸ்பிரிங் போட்டு ஒரு பிரயோஜனமும் இல்ல. வீலைத் திருப்பி வச்சு உள்ள டார்ச் அடிச்சுப் பாருங்க. நல்ல ஷாக் மேல செம்மண் தூசி வெறும் பொடியா இருக்கும், விரலால துடைச்சா பறக்கும். ஆயில் கசியிற ஷாக்ல அதே செம்மண்ணு எண்ணெயில ஊறி கருஞ்செவப்பா, களி மாதிரி, டஸ்ட் பூட்டுக்கு (ஷாக் ராடை மூடியிருக்கிற ரப்பர் உறை) கீழ ஒரு பட்டையா ஒட்டிக்கிட்டு இருக்கும். அப்படி இருந்தா அந்த ஷாக் முடிஞ்சுது. ஃபென்டரை அமுக்கி விட்டுப் பாக்கிறதும் பாக்கலாம், ஒரு தடவை மேல வந்து நின்னுடணும், ரெண்டு மூணு தடவை ஆடுச்சுன்னா போயிடுச்சு, ஆனா ஆடலைங்கிறதால நல்லா இருக்குன்னு அர்த்தம் இல்ல, துரு பிடிச்ச புஷ்ஷுங்க (மூட்டுல இருக்கிற ரப்பர் உருளை) கூட ஆட விடாது. 60,000 கிலோமீட்டருக்கு மேல நம்ம ரோட்ல ஓடின கார்னா நான் ஷாக்கையும் சேத்துதான் மாத்தச் சொல்லுவேன்.

ரெண்டும் என்ன, எதுல வித்தியாசம்

லோயரிங் ஸ்பிரிங்னா கம்பெனி ஸ்பிரிங்கை விடக் குட்டையா, கொஞ்சம் கட்டியா செஞ்ச ஸ்பிரிங், அதே எடத்துல அப்படியே உக்காரும். எவ்வளவு எறங்கும்னு டப்பாவுலயே போட்டிருக்கும், 25 எம்எம்னா 25தான், அதுக்கப்புறம் நீங்க ஒண்ணும் பண்ண முடியாது. ஐபாக் புரோ கிட், எச் அண்டு ஆர் எல்லாம் இந்த வகை.

காயில்ஓவர்னா ஷாக் உடம்புல மரை போட்டு, அந்த மரை மேல ஒரு தட்டு, தட்டு மேல ஸ்பிரிங். தட்டைத் திருகினா கார் ஏறும் எறங்கும். பேரைக் கேட்டு மிரள வேண்டாம், உங்க காரோட முன்பக்க ஸ்டரட்டும் அமைப்புல ஷாக் மேல ஸ்பிரிங் உக்காந்ததுதான், மரை மட்டும்தான் இல்ல. இன்னொண்ணு, பின்பக்கம் எல்லா கார்லயும் அப்படி இல்ல. போலோல பின்னாடி பீம் ஆக்சில் (ரெண்டு வீலையும் சேக்கிற ஒரே சட்டம்), ஸ்பிரிங் தனி ஷாக் தனி. இசட்4லயும் முஸ்டாங்லயும் மல்டிலிங்க்கா (ஒவ்வொரு வீலையும் தனித்தனியா பல ஆர்ம் பிடிச்சிருக்கிற அமைப்பு) இருந்தாலும் பின்னாடி ஸ்பிரிங் தனியாத்தான் இருக்கு. அதுக்கு வர்ற காயில்ஓவர் கிட்ல பின்பக்கம் தனி ஸ்பிரிங்கோட ஒரு திருகுற தட்டு வரும். ஸ்பிரிங் வீலை விட உள்பக்கம் தள்ளி இருக்கிறதால தட்டுல 10 எம்எம் திருகினா ஃபென்டர்ல 10க்கு மேலயே எறங்கும், இது தெரியாம பின்னாடி பொத்துன்னு இறக்கிட்டு முழிச்சவங்க நிறையப் பேரு.

காயில்ஓவர்லயும் ரெண்டு சாதி. ஒண்ணு ஸ்பிரிங் தட்டை மட்டும் திருகுறது, பில்ஸ்டீன், கேடபிள்யூ இப்படித்தான், இதுல கீழ இறக்க இறக்க ஷாக் உள்ள போக மிச்சம் இருக்கிற எடம் கொறையும். இன்னொண்ணு அடி பிராக்கெட்டையே திருகுறது, பிசி ரேசிங், டைன் ஃப்ளெக்ஸ் மாதிரி, இதுல உயரம் மாறினாலும் ஷாக்கோட ஓட்டம் அப்படியே இருக்கும். கேக்க ரெண்டாவதுதான் ஒசத்தின்னு தோணும், ஆனா ஷாக்குக்கு எடம் இருக்கேன்னு ரொம்ப இறக்கினா டயர் போயி ஃபென்டர் உள்ள இடிக்கும், எதுலயும் எல்லை ஒண்ணு இருக்கத்தான் செய்யுது.

உயரம் மட்டும் மாறுதா, ஷாக்கோட இறுக்கமும் மாறுதாங்கிறதை வாங்குறதுக்கு முன்னாடி கேட்டே ஆகணும். பில்ஸ்டீன் பி14ல உயரம் மட்டும், பி16ல இறுக்கமும். கேடபிள்யூ வி1ல உயரம் மட்டும், வி2ல ஷாக் நீளும்போது உள்ள இறுக்கம், வி3ல நீளுறது அமுங்குறது ரெண்டும் தனித்தனியா. டைன் ஃப்ளெக்ஸ் இசட்ல இறுக்கத்தை மாத்த 16 கிளிக் (படி), பிசி ரேசிங் பிஆர்ல 30 கிளிக். கிளிக் நிறைய இருந்தா நல்லதுன்னு இல்ல, ஒரு கிளிக்குக்கும் அடுத்த கிளிக்குக்கும் வித்தியாசம் தெரியணும், அதுதான் முக்கியம்.

ஸ்பிரிங் பலம்: இதைக் கொஞ்சம் பொறுமையாப் படிங்க

கார் ஒரு ஸ்பிரிங் மேல நொடிக்கு எத்தனை தடவை ஆடும்ங்கிறதுதான் சவாரி மெத்துன்னு இருக்குமா கட்டியா இருக்குமான்னு சொல்லும். ஒரு மூலைக்கு 300 கிலோ பாரம், ஸ்பிரிங் 25 நியூட்டன்னா நொடிக்கு 1.45 தடவை. லோயரிங் ஸ்பிரிங் போட்டு 30 ஆச்சுன்னா 1.6, வித்தியாசம் தெரியும், ஆனா வீட்ல யாரும் சண்டைக்கு வர மாட்டாங்க. ஜப்பான், தைவான் காயில்ஓவர்ல முன்பக்கம் 6 கிலோ ஸ்பிரிங்னு போட்டிருக்கும், அதாவது ஒரு எம்எம்முக்கு 6 கிலோ, நியூட்டன்ல 59. அப்ப நொடிக்கு 2.2. அது கோயம்புத்தூர் கரி ஸ்பீட்வேயில, இருங்காட்டுக்கோட்டை டிராக்குல சொகமா இருக்கும், அங்க தரை வழுவழுன்னு இருக்கு. குன்றக்குடி ரோட்ல வெட்டிப் போட்ட பைப்லைன் பள்ளத்து மேல அது ஷாக் வேலையே பண்ண விடாம டயரைத் தூக்கி எறியும், டயர் காத்துல இருக்கிற நேரத்துல பிடிமானம் ஏது? கட்டியா இருந்தா வேகம்னு நினைக்கிறது நல்ல ரோட்டுக்கு மட்டும் சரி. கிட் வாங்கும்போது ஸ்பிரிங் பலத்தைக் கேளுங்க, நிறையப் பேரு கேட்டா குறைஞ்ச பலத்துல செஞ்சு தர்றாங்க.

எங்க ஆயா பின் சீட்ல உக்காந்து பிள்ளையார்பட்டி வரைக்கும் வந்துட்டு, எறங்கும்போது கதவைப் பிடிச்சுக்கிட்டு, "ஏன்டா தம்பி, இதுக்கு மாட்டு வண்டி தேவலையேடா, இடுப்பு கழண்டு போச்சு"ன்னு சொன்னாங்க. அப்ப என் கார்ல இருந்தது விலை கம்மின்னு வாங்கின ஒரு காயில்ஓவர். எறங்கி முகம் சுழிச்ச அந்த ஒரு நிமிஷம் எனக்கு எந்த ரிவ்யூவை விடவும் அதிகமா சொல்லிக் குடுத்துச்சு. அன்னைக்கு சாயங்காலமே கழட்டணும்னு முடிவு பண்ணினேன்.

அப்ப எது?

என் முடிவை நேராவே சொல்லிடறேன். தெனம் ஓட்டுற கார், வீட்ல பெரியவங்க ஏறுவாங்க, டிராக்குக்கு வருஷத்துக்கு ஒரு தடவை கூட போகப் போறதில்லைன்னா, நல்ல ஸ்பிரிங்கும் அதுக்குப் பொருந்துற குட்டை ஷாக்கும் சேத்து போடுங்க. பில்ஸ்டீன்ல பி6 கம்பெனி உயரத்துக்கு, பி8 இறக்கின காருக்குன்னு குட்டையா செஞ்சது, பி8ஓட ஐபாக் ஸ்பிரிங்கை சேத்து பி12னு ஒரே கிட்டா விக்கிறாங்க. ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒண்ணுக்கொண்ணு பொருத்தம் பாத்து வர்றதால தலைவலி இல்ல. கம்மி விலை காயில்ஓவரும் இதுவும் ஏறக்குறைய ஒரே காசுக்கு வந்தா நான் யோசிக்காம இதைத்தான் எடுப்பேன்.

காயில்ஓவர் யாருக்குன்னா, உயரத்தை மாத்த வேண்டிய காரணம் நிஜமாவே இருக்கிறவங்களுக்கு. டிராக்குக்குப் போயிட்டு வந்து ஊருக்குள்ள ஏத்திக்கணும், அகலமான டயர் போட்டிருக்கு, ஸ்டாக் அளவுலேர்ந்து வெறும் 10 எம்எம் மட்டும் இறக்கணும், அப்படி. லோயரிங் ஸ்பிரிங்ல 10 எம்எம் இறக்கம் சுலபத்துல கிடைக்காது, காயில்ஓவர்ல கிடைக்கும். நம்ம ரோட்டுக்கு காயில்ஓவரோட பெரிய லாபம் ரொம்ப இறக்க முடியுதுங்கிறதுல இல்ல, நமக்குத் தேவையான அளவுல நிறுத்த முடியுதுங்கிறதுல இருக்கு. சேக்காளி இசட்4க்கு அதனாலதான் காயில்ஓவர், பின்பக்கம் 15 எம்எம், முன்பக்கம் 20 எம்எம்ல நிறுத்தி வச்சிருக்கான், கானாடுகாத்தான்ல எந்தத் தெருவுலயும் தட்டாம போகுது. கார்ல எலக்ட்ரானிக் ஷாக் இருந்தா மட்டும் கூடுதலா யோசிக்கணும், அதைக் கழட்டினா டேஷ்போர்டுல வார்னிங் எரியும், அதை அடக்குற மாட்யூல் தனியா வாங்கணும். எலக்ட்ரானிக் ஷாக்கை விட்டுட்டு ஸ்பிரிங் மட்டும் மாத்துறது அந்த மாதிரி காருக்கு நல்ல வழி.

மூணாவதா ஒரு வழி சொல்லுவாங்க, ஸ்பிரிங்கை வெட்டுறது. தயவு செஞ்சு பண்ணாதீங்க. என் மொத கார்ல ஒரு பட்டறையில ஒன்றரை சுத்து வெட்டிப் போட்டாங்க. ஒரு ஸ்பீடுபிரேக்கர்ல எறங்கும்போது வீல் கீழ தொங்கினப்ப ஸ்பிரிங் தளர்ந்து சீட்ட விட்டு நகந்து, டொங்குன்னு ஒரு சத்தம், வீல் உள்ள எதோ உரசுற வாடை. எறங்கிப் பாத்தா வெட்டின முனை டயரோட உள்பக்கத்துல கோடு போட்டிருந்துச்சு, கத்தியால கீறின மாதிரி, உள்ள நூல் தெரியிற அளவுக்கு. திருமயம் பைபாஸ்ல நூறுல போயிக்கிட்டு இருந்தப்ப அது நடந்திருந்தா இதை எழுத நான் இருந்திருக்க மாட்டேன்.

சட்டத்தையும் தெரிஞ்சுக்கங்க. மோட்டார் வாகனச் சட்டம் 52ஆவது பிரிவு, கம்பெனி குடுத்த அளவுலேர்ந்து காரை மாத்தக்கூடாதுன்னு சொல்லுது, 2019ல திருத்தின 182ஏ பிரிவுல அனுமதியில்லாத ஒவ்வொரு மாத்தத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாசம் வரைக்கும் ஜெயில் கூட இருக்கு. இன்சூரன்ஸ் க்ளெய்ம்லயும் கேள்வி வரும். கழட்டின ஒரிஜினல் ஸ்பிரிங், ஷாக் எதையும் பழைய இரும்புக்குப் போடாம பத்திரமா வச்சிருங்க.

மாட்டும்போது பக்கத்துலயே நில்லுங்க

பார்ட்ஸ் லிஸ்ட்ல ஸ்பிரிங்கோட சேத்து டாப் மவுண்ட், பேரிங், பம்ப் ஸ்டாப், டஸ்ட் பூட், ஒரு தடவை மட்டுமே போட வேண்டிய நட்டு போல்ட்டு எல்லாம் எழுதிக்கங்க. ஸ்டரட்டைப் பிரிச்சு மறுபடி பழைய மவுண்டையே போட்டா ஆறு மாசத்துல கடகடன்னு சத்தம் வரும், மறுபடி அதே கூலி.

ஸ்பிரிங் கம்ப்ரெசர் ரெண்டும் எதிரெதிரா, சமமா திருகணும், அமுங்கின ஸ்பிரிங் முன்னாடி முகத்தைக் கொண்டு போகக்கூடாது, அது வெடிச்சா கை போகும். டாப் நட்டை இம்பாக்ட் கன்ல ஓட்ட விடாதீங்க, உள்ள ராடு சுத்தி சீல் போயிடும். கையில ஸ்பேனரும் ஆலன் கீயும் போதும்.

இப்ப சொல்லப்போறது நிறையப் பட்டறையில பண்றதில்ல. லோயர் ஆர்ம் (வீலை அடியில பாடியோட சேக்கிற கை) புஷ் போல்ட்டுங்களை கார் ஜாக்கியில தொங்கும்போது முழுசா இறுக்கக் கூடாது. புஷ் உள்ள ரப்பர் ரெண்டு பக்கமும் ஒட்டின ரப்பர், அது சுத்தாது, முறுக்கத்தான் செய்யும். தொங்கும்போது இறுக்கினா கார் தரையில நிக்கிற நேரம் பூரா அது முறுக்கிக்கிட்டே இருக்கும், சீக்கிரம் கிழிஞ்சுடும், உயரமும் சரியா உக்காராது. காரை வீல்ல நிறுத்தி, பிட்டுக்குள்ள எறங்கி, அப்பத்தான் டார்க் ரெஞ்ச்ல கடைசி இறுக்கு. இதை நானே கூட நின்னு கேட்டு வாங்கினேன், மெக்கானிக் அண்ணே மொதல்ல "எதுக்குத் தம்பி"ன்னாரு, காரணத்தைச் சொன்னதும் அடுத்த கார்லேர்ந்து அவரே அப்படிப் பண்ண ஆரம்பிச்சுட்டாரு.

இறக்கினதும் முன்னாடி குத்த வச்சு உக்காந்து லோயர் ஆர்மைப் பாருங்க. உள் முனையிலேர்ந்து வீல் பக்கம் போகப் போக அது கீழ சரியணும், இல்லைன்னா மட்டமா இருக்கணும். வீல் பக்கம் மேல தூக்கிக்கிட்டு இருந்தா ரொம்ப இறக்கிட்டீங்க, ரோல் சென்டர் (வளைவுல கார் எந்தப் புள்ளியைச் சுத்தி சாயுதோ அது) தரைக்குக் கீழ போகப் பாக்கும், அப்ப கார் தாழ்ந்திருந்தும் வளைவுல முன்னைய விட அதிகமா சாயும். கட்டியான ஸ்பிரிங் போட்டும் சாயுதேன்னு குழம்புறவங்களுக்கு காரணம் இதுதான். ஸ்டெபிலைசர் லிங்க் ராடும் எதுலயும் உரசாம இருக்கான்னு பாத்துக்கங்க.

அலைன்மென்ட், செட்டிங்

மாட்டின அன்னைக்கே டோ (மேலேர்ந்து பாத்தா வீல் உள்பக்கமோ வெளிப்பக்கமோ திரும்பியிருக்கிற அளவு) மட்டும் சரி பண்ணிட்டு ஓட்டுங்க, 500 கிலோமீட்டர்ல ஸ்பிரிங் கொஞ்சம் எறங்கி உக்காரும், அப்புறம் முழு அலைன்மென்ட். டயர் உள்பக்கம் தேஞ்சா எல்லாரும் கேம்பர்னு (முன்னாடியிலேர்ந்து பாத்தா வீல் சாஞ்சிருக்கிற அளவு) சொல்லுவாங்க, பெரும்பாலும் கொலைகாரன் டோதான். ஹெட்லைட் மட்டமும் பாத்துடுங்க.

கிளிக் வைக்கிறவங்க ரெண்டு பக்கமும் முழு இறுக்கத்துலேர்ந்து பின்னாடி எண்ணுங்க, அப்பத்தான் இடது வலது ஒண்ணா இருக்கும். நடுவுல ஆரம்பிச்சு ஒரே ரோட்ல, ஒரே வேகத்துல, ஒரு தடவைக்கு ரெண்டு கிளிக் மட்டும் மாத்திப் பாருங்க. நான் பள்ளத்தூர் வழியா கானாடுகாத்தான் போற ரோட்டை வச்சுக்கிட்டேன், நல்ல தாரும் ஒட்டுப்போட்ட தாரும் மாறி மாறி வரும். மேட்டுல எறங்கினப்புறமும் படகு மாதிரி ஆடுச்சுன்னா இறுக்கணும். தொடர்ச்சியா சின்னச் சின்ன குழியில உடம்பு நடுங்கி, கார் ஒவ்வொரு குழிக்கும் கீழயே தங்கிக்கிட்டே போற மாதிரி இருந்தா தளர்த்தணும்.

காயில்ஓவர் மரையில நம்ம செம்மண்ணு போயி ஒட்டும், மழை பெஞ்சு காஞ்சா தட்டு அப்படியே இறுகிக்கும். மரை முழுக்க ஆன்ட்டி சீஸ் தடவி, துணி உறை ஒண்ணு போட்டு வைங்க. ஐப்பசி கார்த்திகை மழை முடிஞ்சதும் ஒரு தடவை பிரஷ்ல தேச்சுக் கழுவி, லாக் ரிங் தளர்ந்திருக்கான்னு பாத்துட்டு, நாலு மூலையும் மறுபடி அளந்து அந்தப் பழைய நோட்டுல தேதியோட எழுதி, நோட்டை கிளவ் பாக்ஸ்லயே போட்டு வைங்க.